கவுண்டி ஜெயில்ல நம்ம ஆள் மாட்டிக்கிட்டா: பெயில்னா என்ன, பாண்ட்னா என்ன, முதல் ராத்திரி என்ன கேக்கணும்

ராத்திரி ரெண்டு மணி இருக்கும், தெரியாத நம்பர்ல இருந்து போன், எடுத்தா ரெக்கார்ட் பண்ண குரல், கவுண்டி ஜெயில்ல இருக்கற ஒருத்தர் கூப்பிடறார், பேசணும்னா இந்த பட்டனை அமுக்குங்கன்னு சொல்லுது. ஸ்பேம்னு நினைச்சு கட் பண்ணிட்டேன். திரும்ப வந்துச்சு, திரும்பவும் கட் பண்ணேன். கொஞ்ச நேரத்துல ஆபீஸ்ல கூட வேலை பாக்குற தம்பியோட மனைவி அழுதுகிட்டே கூப்பிட்டாங்க, "அண்ணா, அவரை போலீஸ் பிடிச்சிட்டாங்களாம், உங்களுக்கு போன் பண்ணா எடுக்கலையாம்"னு. அப்பதான் விஷயமே புரிஞ்சுது. அமெரிக்கால இருக்கறவங்க அந்த மாதிரி குரல் வந்தா தயவுசெஞ்சு கட் பண்ணாதீங்க, உள்ள போனதும் செல்போனை வாங்கி வச்சிடுவாங்க, அவருக்கு மனப்பாடமா தெரிஞ்ச நம்பரே ஒண்ணு ரெண்டுதான் இருக்கும், அதுல ஒண்ணு உங்களோடது.

இது டெக்சாஸ்ல நடந்தது. பார்ட்டி முடிஞ்சு வண்டி ஓட்டிட்டு வந்திருக்கார், போலீஸ் நிறுத்தி, ஊத சொல்லி, ஆல்கஹால் அளவு 0.08-க்கு மேல இருந்ததால டி.டபிள்யூ.ஐ, அதாவது போதைல வண்டி ஓட்டின கேஸ். குடிச்சிட்டு வண்டி ஓட்டினது தப்பு, அதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல. ஆனா அந்த ராத்திரி எங்க யாருக்கும் பெயில்னா என்னன்னே தெரியாததால பயத்துல ஓடி ஓடி பணத்தை தேவையில்லாத இடத்துல கொட்டினோம், அவர் வெளிய வர்றதும் தள்ளி போச்சு. நான் வக்கீல் இல்ல, அதுக்கப்புறம் வக்கீல்கள்கிட்ட கேட்டும் படிச்சும் தெரிஞ்சுகிட்டதைத்தான் அடுத்தவங்களுக்கு உதவட்டும்னு எழுதறேன்.

முதல்ல ஒண்ணு மனசுல ஏத்திக்கணும். பெயில் பணம்ங்கறது அபராதமும் இல்ல தண்டனையும் இல்ல. "வெளிய விடுங்க, கோர்ட் கூப்பிடற வாய்தாவுக்கெல்லாம் வந்துடறேன்"னு அந்த ஆள் குடுக்கற வாக்குக்கு வைக்கற அடகு அது, நகைக்கடைல நகையை வச்சிட்டு வர்ற மாதிரிதான், வாக்கை காப்பாத்தினா அடகு திரும்ப வரணும். அடகை யார்கிட்ட வைக்கறீங்கங்கறதுலதான் திரும்ப வருமா வராதாங்கற மொத்த கதையும் இருக்கு, அதை கீழ சொல்றேன். பெயில்ங்கறது கோர்ட் கேக்கற தொகை, பாண்டுங்கறது வருவேன்னு எழுதி கையெழுத்து போட்டு குடுக்கற பத்திரம், ஆனா ஜெயில் கவுண்டர்ல ரெண்டையும் கலந்துதான் பேசுவாங்க, "பாண்ட் 1,500"னா அது தொகைன்னு புரிஞ்சுக்குங்க.

கவுண்டி ஜெயில்னதும் நம்ம ஊர் சென்ட்ரல் ஜெயில் மாதிரி நினைச்சு வீட்ல பெரியவங்க மயக்கம் போடுவாங்க. கவுண்டிங்கறது கிட்டத்தட்ட நம்ம மாவட்டம் மாதிரி, அந்த கவுண்டியோட போலீஸ் தலைவரான ஷெரிஃப் நடத்தற ஜெயில் இது. தண்டனை ஆகி வருஷக்கணக்குல இருக்கறவங்க போறது ப்ரிசன், அது மாநில அரசோ ஃபெடரல் அரசோ நடத்தறது. கவுண்டி ஜெயில்ல இருக்கறவங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல இன்னும் எந்த குத்தமும் நிரூபணம் ஆகாதவங்க, கேஸ் நடக்கறதுக்காக காத்துகிட்டு இருக்கறவங்க. அதனால உள்ள இருக்கார்ங்கறதால அவர் குத்தவாளின்னு அர்த்தமே இல்ல, இதை ஊர்ல இருக்கற அப்பா அம்மாகிட்ட முதல்ல சொல்லுங்க.

பிடிச்சிட்டு போனதும் நடக்கறதுக்கு பேர் புக்கிங். போட்டோ, கைரேகை, பாக்கெட்ல இருக்கறதெல்லாம் ஒரு பைல போட்டு லிஸ்ட் எழுதறது, உடம்பு எப்படி, மாத்திரை எதாவது சாப்பிடறீங்களான்னு கேக்கறது, வேற எங்கயாவது வாரண்ட் இருக்கான்னு கம்ப்யூட்டர்ல பாக்கறது. சுகர், பிபி, தைராய்டு மாத்திரை சாப்பிடறவரா இருந்தா கண்டிப்பா சொல்லணும், வெட்கப்பட்டு மறைக்கக்கூடாது. இதெல்லாம் முடிய ரெண்டு மணி நேரமும் ஆகும், கூட்டமா இருந்தா பன்னெண்டு மணி நேரமும் ஆகும், அது முடியற வரைக்கும் வெளிய இருக்கறவங்க தேடினா பேரே வராது, ஆள் எங்கன்னே தெரியாம தவிக்கற நேரம் அதுதான்.

பேர் தேடறதுல நம்ம ஆளுங்களுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. ஷெரிஃப் ஆபீஸ் சைட்ல கைதி பேர் தேடற பக்கம் இருக்கும், அதுல முதல் பேர் கடைசி பேர்னு கேப்பாங்க, நமக்கு அப்பா பேர்தான் கடைசி பேர், சிலருக்கு பாஸ்போர்ட்ல ஒரே ஒரு பேர்தான் இருக்கும், அவங்க விசால முதல் பேர் இருக்க வேண்டிய இடத்துல எஃப்.என்.யு-ன்னு அடிச்சிருப்பாங்க, அதாவது முதல் பேர் தெரியாதுன்னு அர்த்தம், போலீஸும் லைசென்ஸ்ல இருக்கறதை அப்படியே அடிச்சு வச்சிருப்பாங்க. அதனால பேரை முன்னபின்ன மாத்தி போட்டு பாருங்க, அப்பா பேரை மட்டும் போட்டு பாருங்க, பிறந்த தேதியை வச்சு தேடுங்க, அப்படியும் கிடைக்கலைன்னா ஜெயிலுக்கு போன் பண்ணி கேளுங்க. கிடைச்சதும் புக்கிங் நம்பரை எழுதி வச்சுக்குங்க, இனி எங்க போனாலும் பேரை விட அந்த நம்பர்தான் முக்கியம்.

அடுத்தது தொகையை யார் முடிவு பண்றாங்கன்னு பாக்கலாம். கலிஃபோர்னியா மாதிரி இடங்கள்ல இன்ன குத்தத்துக்கு இத்தனைன்னு கவுண்டிக்கு ஒரு அட்டவணை வச்சிருப்பாங்க, மத்தபடி ஜட்ஜ் இல்லைன்னா மேஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தி அவர் முடிவு பண்ணுவார். டெக்சாஸ்ல 48 மணி நேரத்துக்குள்ள மேஜிஸ்ட்ரேட் முன்னாடி கொண்டு போயே ஆகணும்னு சட்டம். வாரண்ட் இல்லாம பிடிச்சா, பிடிச்சதுக்கு சரியான காரணம் இருக்கான்னு பொதுவா 48 மணி நேரத்துக்குள்ள ஒரு ஜட்ஜ் பாக்கணும்னு 1991-ல சுப்ரீம் கோர்ட் சொன்னது நாடு முழுக்க பொருந்தும். அரசியல் சட்டத்தோட எட்டாவது திருத்தம், 1791-ல இருந்து இருக்கறது, அளவுக்கு மீறின பெயில் கேக்கக்கூடாதுன்னு சொல்லுது. அளவுக்கு மீறினதுன்னா என்னங்கறதுக்கு 1951-ல ஒரு தீர்ப்பு வந்துச்சு, கம்யூனிஸ்ட் கட்சிக்காரங்க பன்னெண்டு பேருக்கு ஆளுக்கு 50,000 டாலர் பெயில் போட்டிருந்தாங்க, அந்த ஆள் கோர்ட்டுக்கு திரும்ப வர்றதை உறுதிப்படுத்த எவ்வளவு தேவையோ அதுக்கு மேல போட்டா அது அளவு மீறினதுதான்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. நான் மேல சொன்ன அடகு கணக்கு இதுதான். அதே நேரம் ஆள் ரொம்ப ஆபத்தானவர்னு காட்டினா ஃபெடரல் கேஸ்ல பெயிலே குடுக்காம வைக்கலாம்னு 1987-ல இன்னொரு தீர்ப்பும் இருக்கு, அதனால எல்லாருக்கும் பெயில் உரிமைன்னு கண்ணை மூடிட்டு சொல்லிட முடியாது.

தொகை வந்தாச்சு, இப்ப வெளிய கொண்டு வர வழி எத்தனைன்னு பாக்கணும். ரொம்ப நல்ல வழி பி.ஆர் பாண்ட், சில மாநிலத்துல ஓ.ஆர்-னு சொல்வாங்க, காசு அடகு வைக்காம "வருவேன்"னு சொந்த கையெழுத்துல வெளிய விடறது, அங்கங்க சின்ன ஃபீஸ் இருக்கும் அவ்வளவுதான். முதல் கேஸ், வேலை இருக்கு, வீடு இருக்கு, குடும்பம் இங்கதான் இருக்குன்னா இது கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கு, ஆனா கேக்காதவங்களுக்கு தானா வந்து குடுக்க மாட்டாங்க, உள்ள இருக்கறவரை பேட்டி எடுக்க ஆள் வருவாங்க, எங்க வேலை, எத்தனை வருஷமா இதே ஊர்ல இருக்கீங்க, வெரிஃபை பண்ண யார் நம்பர்னு கேப்பாங்க, அந்த நம்பர் உங்களோடதா இருந்தா அன்னைக்கு முழுக்க போனை கைல வச்சிருங்க. பணம் இல்லாதவங்க கதி என்னாகுதுன்னு பாத்து 1961-ல நியூயார்க் மன்ஹாட்டன்ல இதை முயற்சி பண்ணி பாத்தாங்க, ஊரோட கட்டு இருக்கறவங்களை காசு வாங்காம விட்டாலும் சொன்ன நாளுக்கு வர்றாங்கன்னு தெரிஞ்சுது, அதுல இருந்துதான் 1966-ல ஃபெடரல் பெயில் சட்டமே மாறுச்சு.

ரெண்டாவது கேஷ் பாண்ட். முழு தொகையையும் நீங்களே கட்டறது. கேஸ் முடிஞ்சதும், ஜெயிச்சாலும் தோத்தாலும், எல்லா வாய்தாவுக்கும் வந்திருந்தா பணம் திரும்ப வரும், சில மாநிலத்துல அபராதமோ ஃபீஸோ இருந்தா அதுல கழிச்சுட்டு தருவாங்க. ரசீது யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான் வரும், அதனால உங்க பணம்னா உங்க பேர்லயே ரசீது கேளுங்க, கேஸ் முடிய ஒரு வருஷம் ரெண்டு வருஷம் கூட ஆகும், அதுவரைக்கும் அந்த ரசீதை பத்திரமா வைங்க, இடையில வீடு மாறினா கோர்ட் கிளார்க்கிட்ட புது அட்ரஸ் குடுத்துடுங்க. பர்சனல் செக் பொதுவா வாங்க மாட்டாங்க, ரொக்கம், கேஷியர்ஸ் செக், மணி ஆர்டர் இந்த மாதிரிதான் கேப்பாங்க, ராத்திரி மூணு மணிக்கு பேங்க் ஏது, அதனாலதான் அக்கவுண்ட்ல பணம் இருக்கறவங்க கூட அடுத்த வழிக்கு ஓடறாங்க.

அந்த அடுத்த வழிதான் பாண்ட்ஸ்மேன். ஜெயிலை சுத்தி ராத்திரி பகலா நியான் விளக்கு எரியற கடைங்க இவங்களோடதுதான். நம்ம ஊர்ல ஜாமீன்னா ரெண்டு ஜாமீன்தாரர் வருவாங்க, ரேஷன் கார்டு, சொத்து பேப்பர் காட்டி, ஆள் வரலைன்னா இத்தனை ரூபா நாங்க பொறுப்புன்னு கையெழுத்து போடுவாங்க, பெரும்பாலும் சொந்தக்காரங்களோ தெரிஞ்சவங்களோதான். அமெரிக்கால அந்த ஜாமீன்தாரர் வேலையை ஒரு தொழிலாவே ஆக்கிட்டாங்க, 1898-ல சான் பிரான்சிஸ்கோல ரெண்டு அண்ணன் தம்பி ஆரம்பிச்சதுன்னு சொல்வாங்க. உலகத்துல அமெரிக்காவையும் பிலிப்பைன்ஸையும் விட்டா இப்படி காசு வாங்கிட்டு ஜாமீன் நிக்கற தொழில் சட்டப்படி நடக்கற இடம் வேற இல்லைன்னே சொல்லலாம்.

கணக்கு எப்படின்னா, பெயில் 20,000 டாலர்னா அவங்க பெரும்பாலும் பத்து சதவீதம், 2,000 வாங்குவாங்க, நார்த் கரோலினால பதினஞ்சு சதவீதம் வரைக்கும் வாங்கலாம். மிச்சத்துக்கு அவங்க கோர்ட்ல பொறுப்பு ஏத்துப்பாங்க. அந்த 2,000 திரும்ப வராது. கேஸ் மறுநாளே தள்ளுபடி ஆனாலும் வராது, தப்பான ஆளை பிடிச்சிட்டோம்னு போலீஸே சொன்னாலும் வராது. அது அவங்களோட கூலி, உங்க அடகு கிடையாது. நிறைய பேர் "கேஸ் முடிஞ்சதும் பணம் வந்துடும்ல"ன்னு நம்பிகிட்டே இருக்காங்க, அவங்களுக்காகத்தான் இதை இவ்வளவு அழுத்தி சொல்றேன். அதே 20,000-த்தை கேஷா கட்ட முடிஞ்சா முழுசா திரும்பும், ஆனா அவ்வளவு பணம் ஒரு வருஷம் ரெண்டு வருஷம் மாட்டிக்கும், வக்கீலுக்கு குடுக்க காசு இருக்காது, அதையும் யோசிக்கணும். 1,500, 2,000 டாலர் பாண்டுக்கெல்லாம் முடிஞ்சவரைக்கும் கேஷ்தான் நல்லதுன்னு நான் சொல்வேன், பெரிய தொகைன்னா பாண்ட்ஸ்மேன் தவிர்க்க முடியாம போகலாம். டெக்சாஸ்ல கேஸ் நடத்தற வக்கீலே தன் கட்சிக்காரருக்கு பாண்ட் எழுதி குடுக்கற வழியும் உண்டு, எப்படியும் வக்கீல் வைக்கப் போறீங்கன்னா அவர்கிட்ட முதல்ல இதை கேட்டு பாருங்க.

பாண்ட்ஸ்மேன்கிட்ட போனா வெளிய இருக்கற ஒருத்தர் கையெழுத்து போடணும், அதுதான் பெரிய விஷயம், அந்த பத்து சதவீதம் இல்ல. ஆள் வாய்தாவுக்கு வராம ஓடிட்டா முழு 20,000-மும் அந்த கையெழுத்து போட்டவர் தலைலதான் விழும், பிடிக்கற செலவும் சேத்து. வீடு, கார் எதையாவது ஈடா எழுதி வாங்குவாங்க. ஃப்ரெண்டோட ஃப்ரெண்டுக்காக பாவம் பாத்து, படிக்காம கையெழுத்து போடற பழக்கம் நம்மகிட்ட நிறைய இருக்கு, வீட்டு பேப்பர் சம்பந்தப்பட்டதை அப்படி போடாதீங்க, அது எப்ப ரிலீஸ் ஆகும்னு எழுத்துல வாங்கிக்குங்க. அதோட அந்த ஆள் சொன்னபடி நடந்துக்கலைன்னு பாண்ட்ஸ்மேனுக்கு தோணினா கோர்ட்ல எழுதி குடுத்துட்டு பொறுப்புல இருந்து விலகலாம், அப்ப ஆள் திரும்ப உள்ள போவார், நீங்க கட்டின கூலி திரும்ப வரும்னு நம்ப முடியாது. வாரா வாரம் போன் பண்ணி இருக்கேன்னு சொல்லணும்னு சிலர் கேப்பாங்க, அதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. எந்த கடைக்கு போறதுன்னு ஜெயில் ஆளுங்ககிட்ட கேக்காதீங்க, அவங்க கை காட்டறது டெக்சாஸ்ல சட்டப்படி தப்பு, லைசென்ஸ் இருக்கற கடைங்களோட லிஸ்ட் மட்டும்தான் வச்சிருப்பாங்க.

இப்ப நாங்க பண்ண தப்புக்கு வர்றேன். தம்பிக்கு பாண்ட் 1,500 டாலர். அவங்க அக்கவுண்ட்ல பணம் இருந்துச்சு, விடிஞ்சதும் பேங்க்ல எடுத்து கட்டியிருக்கலாம், ஆனா அந்த பொண்ணு கைக்குழந்தையை வச்சுகிட்டு அழுதுகிட்டு இருந்ததை பாத்து எனக்கு பொறுக்கல, நாலு மணிக்கே பாண்ட்ஸ்மேன்கிட்ட போய் கூலியை கட்டி கையெழுத்து போட்டேன். காலைல பத்து மணி ஆச்சு, மத்தியானம் ஆச்சு, ஆள் வரல. கேட்டா "ஹோல்ட் இருக்கு"ன்னாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி வேற ஊர்ல வாங்கின ஸ்பீடிங் டிக்கெட்டை கட்டாம விட்டதுக்கு அங்க ஒரு வாரண்ட் இருந்திருக்கு, அதை தீக்கற வரைக்கும் இந்த பாண்ட் கட்டியும் கதவு தொறக்காது. அந்த ஊருக்கு தனியா பணம் கட்டி, அந்த பேப்பர் இங்க வந்து சேந்து, அவர் வெளிய வந்தது மறுநாள்.

அதனால பணம் எடுக்கறதுக்கு முன்னாடி ஜெயிலுக்கு போன் பண்ணி மூணே மூணு கேள்வி கேளுங்க. என்னென்ன கேஸ், ஒவ்வொண்ணுக்கும் பாண்ட் எவ்வளவு? வேற எந்த ஊர் ஹோல்டாவது இருக்கா, ப்ரொபேஷன் (பழைய கேஸ்ல நன்னடத்தை கண்காணிப்பு) ஹோல்ட், இமிக்ரேஷன் ஹோல்ட் எதாவது இருக்கா? மேஜிஸ்ட்ரேட் பாத்தாச்சா, இல்லைன்னா எப்ப பாப்பார்? மேஜிஸ்ட்ரேட் இன்னும் பாக்கலைன்னா அவசரப்பட வேண்டாம், பி.ஆர் பாண்டே கிடைக்கலாம், கூலியை முன்னாடியே கட்டிட்டா அது திரும்ப கிடைக்காது. மூணு கேஸ் போட்டிருந்தா மூணு பாண்ட் இருக்கும், ஒண்ணை கட்டிட்டு வாசல்ல நின்னவங்க நிறைய பேர்.

உள்ள இருக்கறவர்கிட்ட போன்ல பேசும்போது கேஸை பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க. எத்தனை பெக் அடிச்ச, ஏன் கை ஓங்கின, எதுவும் கேக்காதீங்க. வக்கீல் கால் தவிர மத்ததெல்லாம் ரெக்கார்ட் ஆகும், அதை அரசு வக்கீல் கேட்டு கோர்ட்ல போட்டு காட்டலாம், தமிழ்ல பேசினா புரியாதுன்னு நினைக்காதீங்க, மொழிபெயர்க்க ஆள் கிடைப்பாங்க. சாப்பிட்டியா, மாத்திரை குடுத்தாங்களா, குழந்தை நல்லா இருக்கு, வக்கீல் பாத்துகிட்டு இருக்கோம், இவ்வளவு போதும். உள்ள இருக்கறவரும் போலீஸ்கிட்ட "வக்கீல் வேணும்"னு சொல்லிட்டு அமைதியா இருக்கணும். காசு இல்லைன்னா ஜெயிலுக்கு போக வேண்டி வர்ற கேஸ்ல அரசே வக்கீல் தரணும், 1963-ல பெரிய குத்த வழக்குகளுக்குன்னு சுப்ரீம் கோர்ட் குடுத்த தீர்ப்புல ஆரம்பிச்ச உரிமை அது, மேஜிஸ்ட்ரேட் முன்னாடி முதல்ல நிக்கறப்பவே அந்த உரிமை ஆரம்பிச்சிடுதுன்னு 2008-ல டெக்சாஸ் வழக்கு ஒண்ணுல தெளிவா சொல்லிட்டாங்க. அதனால அங்கயே வாயை தொறந்து கேக்கணும்.

பாண்டோட நிபந்தனைகளும் வரும். ஊரை விட்டு போகக்கூடாது, குடிக்கக்கூடாது, சில கேஸ்ல பாஸ்போர்ட்டை ஒப்படைக்கணும், கார்ல ஊதினாதான் ஸ்டார்ட் ஆகற மெஷின் வைக்கணும், காலுக்கு ஜி.பி.எஸ். இதுல எதை மீறினாலும் பாண்டை ரத்து பண்ணலாம். டெக்சாஸ் டி.டபிள்யூ.ஐ-ன்னா இன்னொண்ணு, லைசென்ஸை காப்பாத்த ஹியரிங் கேக்க நோட்டீஸ் வாங்கின நாள்ல இருந்து 15 நாள்தான், ஜெயில்ல இருந்து வந்த நிம்மதில இதை மறந்துட்டு லைசென்ஸை விட்டவங்க உண்டு.

புருஷன் பொண்டாட்டி சண்டைல வர்ற கேஸை பத்தி கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா நம்ம வீடுகள்ல இது நடக்குது, வெளிய யாரும் பேசறதில்ல. பக்கத்து அபார்ட்மெண்ட்காரர் சத்தம் கேட்டு 911 கூப்பிட்டிருப்பார், இல்ல அடி வாங்கினவங்களே கூப்பிட்டிருப்பாங்க, போலீஸ் வந்து ஒருத்தரை கூட்டிட்டு போயிடும். மறுநாள் "நான் கேஸை வாபஸ் வாங்கறேன்"னு போனா முடியாது, கேஸ் போட்டது மாநில அரசு, அவங்கதான் முடிவு பண்ணணும். பாண்ட் கட்டினாலும் வீட்டுக்கு போகக்கூடாது, போன், வாட்ஸ்அப், நண்பர் மூலமா சேதி எதுவும் கூடாதுன்னு மேஜிஸ்ட்ரேட் பாதுகாப்பு உத்தரவு போடலாம், அது ஒரு மாசம் ரெண்டு மாசம் இருக்கும். மனைவியே "வாங்க"ன்னு கூப்பிட்டாலும் போனா அது புது குத்தம், உத்தரவை மாத்த கோர்ட்டாலதான் முடியும். அடி வாங்கினவங்க இதை படிச்சா, அந்த உத்தரவு உங்களை காப்பாத்தத்தான் இருக்கு, மாமியார் வீட்ல இருந்து போன் பண்ணி வாபஸ் வாங்க சொல்லி நெருக்கினா அவசரப்பட்டு எதுலயும் கையெழுத்து போடாதீங்க.

பணமே இல்லாதவங்க கதை தனி. 2015 ஜூலை 10-ம் தேதி டெக்சாஸ் வாலர் கவுண்டில சாண்ட்ரா பிளாண்ட்ங்கற பொண்ணை லேன் மாறும்போது சிக்னல் போடலைன்னு நிறுத்தினாங்க, அது வாக்குவாதமாகி கைதுல முடிஞ்சுது. பெயில் 5,000 டாலர், வெளிய வர 500 டாலர் மாதிரி தேவைப்பட்டுச்சு. குடும்பம் பணத்துக்கு ஏற்பாடு பண்ணிகிட்டு இருக்கறப்பவே 13-ம் தேதி காலைல செல்லுக்குள்ள இறந்து கிடந்தாங்க, தற்கொலைன்னு முடிவு சொன்னாங்க. 2017-ல அவங்க பேர்லயே ஒரு சட்டம் டெக்சாஸ்ல வந்துச்சு, ஜெயிலுக்கு வர்றவங்களோட மனநிலையை பாக்கறதுக்கெல்லாம் விதி போட்டாங்க. ஐநூறு டாலரும் மூணு நாளும். முதல் ரெண்டு மூணு நாள்தான் உள்ள இருக்கறவங்களுக்கு ரொம்ப ஆபத்தான நாளுங்க, அதனாலதான் மனநிலை சரியில்லாதவர்னு தெரிஞ்சா நீங்களே ஜெயிலுக்கு போன் பண்ணி சொல்லுங்கன்னு கெஞ்சி கேக்கறேன்.

ஹூஸ்டன் இருக்கற ஹாரிஸ் கவுண்டில, லைசென்ஸ் செல்லாம வண்டி ஓட்டினதுக்கு ஒரு தாய்க்கு 2,500 டாலர் பெயில் போட்டாங்க, கட்ட முடியல, 2016-ல அவங்க வழக்கு போட்டாங்க. சின்ன குத்தத்துக்கு காசு இருக்கறவன் வெளிய, இல்லாதவன் உள்ளங்கறது அரசியல் சட்டத்துக்கு எதிரானதுன்னு 2017-ல ஃபெடரல் ஜட்ஜ் சொன்னார், 2019-ல கவுண்டி சமரசத்துக்கு வந்து பெரும்பாலான சின்ன கேஸ்களுக்கு காசில்லா பாண்டை ஒத்துகிச்சு. கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட் 2021-ல, அந்த ஆளால கட்ட முடியுமான்னு பாக்காம தொகை போடக்கூடாதுன்னு சொல்லுச்சு. கென்டக்கி 1976-லயே பாண்ட்ஸ்மேன் தொழிலை தடை பண்ணிடுச்சு. நியூ ஜெர்சில 2017-ல இருந்து காசு பெயில் ரொம்ப அபூர்வம், இல்லினாய்ல 2023 செப்டம்பர் 18-ல இருந்து காசு பெயிலே கிடையாது, விடறதா வைக்கறதான்னு ஜட்ஜ் நேரடியா முடிவு பண்ணணும். சிகாகோல இருக்கறவங்ககிட்ட யாராவது "பெயில் கட்டு"ன்னு பணம் கேட்டா அந்த ஒரு வரிலயே அது பொய்னு தெரிஞ்சுக்கலாம்.

காசில்லாம உள்ள இருக்கறவங்க மாட்டற இன்னொரு வலை, "குத்தத்தை ஒத்துக்கோ, இருந்த நாளை தண்டனையா கழிச்சு இன்னைக்கே விட்டுடறோம்"ங்கறது. ஒரு வாரமா வேலைக்கு போகாம, குழந்தையை பாக்காம இருக்கறவனுக்கு அது வரமா தெரியும். கிரீன் கார்டோ எச்-1பி-யோ எஃப்-1-ஓ இருக்கறவங்க அதுக்கு தலையாட்டறதுக்கு முன்னாடி இமிக்ரேஷன் என்ன ஆகும்னு வக்கீலை கேக்கணும், சொல்ல வேண்டியது வக்கீலோட கடமைன்னு 2010-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்கு. சின்ன கடைத்திருட்டை ஒத்துகிட்டது கூட பல வருஷம் கழிச்சு கிரீன் கார்டுல வந்து நிக்கும்.

இமிக்ரேஷன் ஹோல்ட் இருந்தா கணக்கே வேற. கவுண்டி பாண்ட் கட்டினதும் வீட்டுக்கு விடாம ஐஸ்ங்கற இமிக்ரேஷன் போலீஸ் ஆளுங்க வந்து கூட்டிட்டு போக 48 மணி நேரம் வரைக்கும் வச்சிருக்க கேப்பாங்க, அப்ப கவுண்டி பாண்ட் கட்டினா அவர் ஒரு ஜெயில்ல இருந்து இன்னொரு ஜெயிலுக்கு போவார், அங்க தனி பாண்ட் வேணும், அது கிடைக்கறவங்களுக்கு சட்டப்படி குறைஞ்சது 1,500 டாலர். அதனால இமிக்ரேஷன் வக்கீலை கேக்காம கவுண்டி பாண்டை கட்டாதீங்க. ஹோல்ட் இல்லாத டி.டபிள்யூ.ஐ-ல கூட விசாவை ரத்து பண்ணி மெயில் வரலாம், அது வந்தா உடனே அமெரிக்காவை விட்டு போகணும்னு அர்த்தமில்ல, நாட்டுக்குள்ள இருக்கற வரைக்கும் ஸ்டேட்டஸ் வேற விசா ஸ்டாம்ப் வேற, ஆனா இந்தியாவுக்கு வந்தா திரும்ப புதுசா விசா எடுக்கணும். இந்தியன் கான்சுலேட்டுக்கு சொல்லுங்கன்னு கேக்க கைதிக்கு உரிமை இருக்கு, இந்தியர்கள் விஷயத்துல கேட்டாதான் சொல்வாங்க.

வாய்தாவை மட்டும் விடவே கூடாது. விட்டா வாரண்ட், பாண்ட் பறிமுதல், டெக்சாஸ்ல அதுவே தனி குத்தம். கலிஃபோர்னியால பறிமுதல் ஆனா ஆளை கொண்டு வர 180 நாள் டைம் குடுப்பாங்க, அந்த நாளுக்குள்ள பாண்ட்ஸ்மேன் ஆளை தேடிகிட்டு இருப்பார், அவங்களுக்கு பிடிச்சு ஒப்படைக்கற அதிகாரம் 1872-ல இருந்தே இருக்கு. ஆஸ்பத்திரில இருந்தா, வண்டி ரிப்பேர்னா கூட முன்னாடியே வக்கீலுக்கு சொல்லி கோர்ட்டுக்கு தெரியப்படுத்துங்க, மறந்து போச்சுன்னாலும் அன்னைக்கே போன் பண்ணுங்க, அன்னைக்கே பண்ணா பல ஜட்ஜுங்க சரி பண்ணி விடறாங்க.

திருட்டு கால் எது உண்மை கால் எதுன்னு கேப்பீங்க. உண்மையான ஜெயில் கால்ல அந்த ஆளே பேசுவார், ஜெயில் பேர் சொல்வாங்க, நீங்க தனியா அந்த ஜெயில் நம்பரை தேடி கூப்பிட்டு கேட்டா புக்கிங் நம்பர் தருவாங்க. "உங்க பேரன் ஆக்சிடெண்ட் பண்ணிட்டான், யார்கிட்டயும் சொல்லாதீங்க, கிஃப்ட் கார்டு வாங்கி நம்பர் சொல்லுங்க"ன்னு ஊர்ல இருந்து வந்திருக்கற தாத்தா பாட்டிகிட்ட பேசினா அது திருட்டு. எந்த ஷெரிஃபும் கிஃப்ட் கார்டு வாங்க மாட்டார்.

பாண்ட் கட்டியாச்சுன்னு உடனே வாசல்ல போய் நிக்காதீங்க, பேப்பர் உள்ள போய் ஆள் வெளிய வர நாலு மணி நேரம் எட்டு மணி நேரம் சாதாரணமா ஆகும், நடு ராத்திரிலயும் விடுவாங்க. வர்றவர் போன் சார்ஜ் இல்லாம, பசியோட வருவார். ஒரு சார்ஜர், ஒரு ஸ்வெட்டர், தண்ணி, சாப்பிட எதாவது எடுத்துட்டு போங்க. வண்டில ஏறினதும் அவர் கைல இருக்கற பேப்பரை வாங்கி முதல் வாய்தா தேதி எதுன்னு பாத்து, அங்கயே போட்டோ எடுத்து வீட்ல எல்லாருக்கும் அனுப்பிடுங்க, தம்பி அன்னைக்கு அந்த பேப்பரை மடிச்சு பின் பாக்கெட்ல வச்சிட்டார், மூணு நாள் கழிச்சு வாஷிங் மெஷின்ல இருந்துதான் எடுத்தோம், தேதியை கேக்க கிளார்க் ஆபீஸுக்கு ஓட வேண்டியதா போச்சு.